வருடலுக்கும் ஒரு வேக வரம்பு உண்டு

"காய்ச்சலில் படுத்திருக்கும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தடவிக்கொடுத்தால் கண் சொக்குகிறது. அதையே நான் செய்துகொண்டால் ஒன்றும் ஆவதில்லை. அம்மா கையில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். பாசம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நம் தோலுக்குள் இந்த வேலைக்கென்றே ஒரு நரம்பு வகை இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

தொடு உணர்வு நரம்பு வழியே மூளைக்குப் போகிறது என்பது பள்ளிப் பாடம். அங்கே சொல்லாமல் விட்டது, அது ஒரே வழியில் போவதில்லை என்பதை. மயலின் உறை போர்த்திய தடித்த இழைகளில் சேதி விநாடிக்கு 50 மீட்டர் வாக்கில் பறக்கும். எங்கே பட்டது, எவ்வளவு அழுத்தம், சொரசொரப்பா வழவழப்பா எல்லாம் அதில்தான் போகும். உறையே இல்லாத மெல்லிய இழைகளும் உண்டு. அவற்றில் வேகம் விநாடிக்குச் சுமார் ஒரு மீட்டர், நாம் சாவகாசமாக நடக்கிற வேகம். மந்தமாக நீடிக்கும் வலியும் அரிப்பும் பெரும்பாலும் இந்த வகை இழைகளில் வருகின்றன. இவற்றிலேயே ஒரு பிரிவு வலியைக் கண்டுகொள்வதில்லை, மென்மையாக வருடினால் மட்டும் விழித்துக்கொள்ளும். அதற்கு சி-டாக்டைல் இழை என்று பெயர். முன்கையில் வருடினால் இதன் சேதி மூளைக்குப் போய்ச் சேர ஒரு விநாடி ஆகிவிடும், எக்ஸ்பிரஸ் போன பிறகு வரும் பாசஞ்சர் வண்டி மாதிரி. கையில் பூச்சி ஊர்கிறதா என்று தெரிந்துகொள்ள இதை நம்பினால் கடி வாங்க வேண்டியதுதான். அப்புறம் எதற்கு இது?

இதைக் கண்டறிய ஒற்றை நரம்பிழையை ஒட்டுக்கேட்க வேண்டியிருந்தது. 1960களில் ஸ்வீடனின் உப்சாலாவில் ஆகே வால்போ, கார்ல்-எரிக் ஹாக்பார்த் என்ற இருவர், தலைமுடியைவிட மெல்லிய முனை கொண்ட டங்ஸ்டன் ஊசியைத் தோல் வழியே நரம்புக்குள் செலுத்தி அதன் மின்துடிப்பைப் பதிவு செய்யும் முறையை உருவாக்கினார்கள். முதல் சோதனைகளைத் தங்கள் கை நரம்புகளிலேயே செய்துகொண்டார்கள்!

அந்த ஊசியை வைத்து ஸ்வீடன் ஆய்வாளர்கள் லோக்கன், ஓலாசன் குழுவினர் 2009-இல் வெளியிட்ட சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மென்மையான தூரிகை ஒன்றை இயந்திரத்தில் பொருத்தி, மனிதர்களின் முன்கையில் வெவ்வேறு வேகங்களில் வருடினார்கள். மிக மெதுவான வருடல் விநாடிக்கு 0.1 சென்டிமீட்டர், மிக வேகமானது 30 சென்டிமீட்டர். தடித்த இழைகள் எதிர்பார்த்தபடியே நடந்துகொண்டன: வேகம் கூடக்கூடத் துடிப்பும் கூடியது. சி-டாக்டைல் இழை அப்படி இல்லை. ஆமை வேகத்தில் சோம்பிக் கிடந்தது. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான வேகத்தில் படபடவென்று துடித்தது. அதற்கும் மேல் போனால் மறுபடி அடங்கிவிட்டது. வரைபடத்தில் போட்டால் கவிழ்த்து வைத்த கிண்ணம்.

இது பாதிக் கதைதான். ஒவ்வொரு வருடலும் எவ்வளவு இதமாக இருந்தது என்று மனிதர்களிடம் மதிப்பெண் கேட்டார்கள். அதையும் வரைந்தால் அதே கிண்ணம்! நரம்பு அதிகம் துடித்த வேகங்களுக்குத்தான் மனிதர்களும் அதிக மதிப்பெண் போட்டிருந்தார்கள். உள்ளங்கையில் வருடியபோது இந்தப் பொருத்தம் கிடைக்கவில்லை, அங்கே இந்த இழைகள் மிக அரிது. 2014-இல் வருடும் பொருளின் வெப்பநிலையையும் மாற்றிப் பார்த்தார்கள். சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் பெரிதாக மசியாத இழை, 32 டிகிரி செல்சியஸில் நன்றாகத் துடித்தது. மனிதத் தோலின் வழக்கமான வெப்பநிலை அது. இன்னொரு மனிதரின் கை என்பதற்கு நரம்பு எழுதி வைத்திருக்கும் இலக்கணம் என்றே இதை நான் படிக்கிறேன்.

நோயால் தடித்த இழைகளை இழந்த ஒரு பெண்ணிடம் 2002-இல் சோதித்தார்கள். தொடுதலே தெரியாது என்று சொன்னவர், முன்கையில் தூரிகையால் வருடியபோது மங்கலாக ஏதோ இதமாக இருக்கிறது என்றார். அப்போது அவர் மூளையில் வேலை செய்தது, உடலின் உள்நிலையையும் உணர்ச்சியையும் இணைக்கும் இன்சுலா என்ற பகுதி.

இந்த இழையை முதலில் ஸ்வீடன் நரம்பியலாளர் ஸோட்டர்மன் பூனைகளில் கண்டது 1939-இல். மனிதருக்கு இது இல்லை என்றே பலரும் நினைத்திருந்தார்கள். மனிதரிடம் பதிவானதோ 1980களின் கடைசியில். பூனைத் தோலை வருடிப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு இன்று நிதி கேட்டுப் போனால், விண்ணப்பத்தில் 'சமூகப் பயன்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? அரை நூற்றாண்டு கழித்துத் தெரியும் என்று எழுதினால் அடுத்த முறை பார்க்கலாம் என்று அனுப்பிவிடுவார்கள்.

சரி, நாமே வருடிக்கொண்டால் ஏன் சுகமில்லை? கையை அசைக்கும் மூளைக்கு அது எங்கே, எப்போது படும் என்று முன்கூட்டியே தெரியும், அதனால் வரும் சேதியின் சத்தத்தைக் குறைத்துவிடுகிறது. நம்மை நாமே கூச்சங்காட்டிச் சிரிக்க முடியாததும் இதனால்தான். 2019-இல் ஸ்வீடனில் ரெபெக்கா போமே குழுவினர் மூளைப் படம் எடுத்தபோது, பிறர் வருடுகையில் விழித்த பகுதிகள் தானே வருடிக்கொள்கையில் பரவலாக அடங்கிப்போயிருந்தன.

வேகமும் சூடும் சரியாக இருந்தால் யார் தொட்டாலும் இதமா? பேருந்து நெரிசலில் முன்பின் தெரியாதவன் கை இதே வேகத்தில் ஊர்ந்தால் அருவருப்புதான் வரும். நரம்பு சேதியை மட்டும் கொடுக்கும். வந்திருப்பது யார் என்று பார்த்து அதற்குப் பொருள் சொல்வது மூளை. கைவழியே பிரபஞ்ச சக்தியைப் பாய்ச்சுகிறேன் என்று கட்டணம் வாங்குபவர்களிடம் சிலருக்கு இதமாக இருப்பதை நான் மறுக்கவில்லை. அதற்குப் பிரபஞ்சத்தை இழுக்கத் தேவையில்லை என்கிறேன், அவ்வளவே.

காதலர்களையும் பெற்றோர்களையும் அழைத்து, துணையை, குழந்தையை, பிறகு ஒரு செயற்கைக் கையை வருடச் சொன்ன ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. யாரும் வேகம் சொல்லித் தரவில்லை. துணையிடமும் குழந்தையிடமும் கை தானாக அந்த இழைக்குப் பிடித்த வேகத்துக்கு இறங்கியது. செயற்கைக் கையை விறுவிறுவென்று தேய்த்துவிட்டுப் போனார்கள்.

பிறந்த குழந்தைகளுக்குக் குதிகாலில் குத்தி இரத்தம் எடுப்பதற்கு முன் விநாடிக்கு 3 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால், வலி சார்ந்த மூளைத் துடிப்பு குறைவதை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2018-இல் பதிவு செய்தார்கள். 30 சென்டிமீட்டர் வேகத்தில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அடுத்த தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிப் போகிறவர்கள், ஊசிக்கு முன்னால் படபடவென்று தட்டிக்கொடுப்பதற்குப் பதில் இப்படி மெதுவாக வருடிப் பார்க்கலாம். காசு கிடையாது, பக்கவிளைவும் கிடையாது.