மேலச்சிட்ட பழைய தாள் செல்லுமா?

பெட்டகம் ஒதுக்கும்போது, இந்திய ரூபாய்த் தாளின் மேல் 'பாகிஸ்தான் அரசு' என்று ஆங்கிலத்திலும் உருதுவிலும் மறுபடி அச்சிட்ட (அதாவது மேலச்சிட்ட) தாள் அகப்பட்டால், கள்ளத்தாள் என்று எறிந்துவிடாதீர்கள். அது சட்டப்படி வந்த இடைக்காலத் தாளாக இருக்கலாம்.

1947இல் பிரிந்த பாகிஸ்தானிடம் சொந்த மத்திய வங்கியும் இல்லை, சொந்தத் தாளும் இல்லை. சந்தை அதற்காகக் காத்திருக்குமா? இந்திய ரிசர்வ் வங்கியே சில மாதம் நாணயப் பொறுப்பைப் பார்த்தது. 1948 ஏப்ரல் முதல் 1, 2, 5, 10, 100 ரூபாய்த் தாள்களின் முன்பக்கத்தில் அந்தப் பெயரை மேலச்சிட்டுக் கொடுத்தார்கள். ஜூலை 1இல் கராச்சியில் பாகிஸ்தான் அரச வங்கி திறந்தது. பாகிஸ்தானின் சொந்தத் தாள்கள் அக்டோபரில்தான் வந்தன. மேலச்சு அலங்காரத்துக்காக இடப்பட்டதல்ல. இந்தத் தாளுக்குக் கடன்பட்டது யார், இது எந்த நாட்டில் செல்லும் என்பதை அதுதான் தீர்மானித்தது. மேலச்சிட்ட தாள் இந்தியாவில் செல்லாது.

இலங்கை வேறு வழியில் போனது. 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டத்தின் கீழ் நம் மத்திய வங்கி 1950 ஆகஸ்ட் 28இல் தொடங்கியது. அதற்கு முன் தாள் வெளியிட்டுவந்த பழைய நாணயச் சபையின் தாள்கள் மேலச்சு எதுவும் இல்லாமலே புழங்கின. பொறுப்பு மட்டும் புதிய வங்கிக்கு மாறியது. 1951இல் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் படத்தோடு புதிய 1, 10 ரூபாய்த் தாள்கள் வந்தன. நெல் விற்ற காசை வீட்டிலேயே வைத்திருக்கும் அம்பாறை, மட்டக்களப்புச் சனத்துக்கு இதுவே நல்ல முறை என்பேன். தாள் மாற்ற யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை.

சரி, கையில் இருப்பதை என்ன செய்வது? பாகிஸ்தான் தாளை நம் வங்கிகள் மாற்றித் தரா. சேகரிப்பாளரிடம் மட்டுமே அதற்கு மதிப்பு. இலங்கையின் பழைய 50, 100 ரூபாய்த் தாள் என்றால் ஆண்டைப் பாருங்கள்: 1970 அக்டோபரில் அப்போது புழங்கிய 50, 100 ரூபாய்த் தாள்களை அரசு செல்லாதாக்கியது.

அப்புறம், இன்றைய தாளில் தொலைபேசி இலக்கம் எழுதுவது, முத்திரை குத்துவது இரண்டும் குற்றம். கல்முனைச் சந்தையில் மிச்சக் காசு வாங்கும்போதே தாளைத் திருப்பிப் பாருங்கள். வேண்டுமென்றே சேதமாக்கிய தாளுக்கு 2018 மார்ச் 31க்குப் பிறகு மத்திய வங்கி பெறுமதி தருவதில்லை, நட்டம் வைத்திருப்பவருக்குத்தான். பாவனையில் தானாக நைந்த தாளை வங்கியில் கொடுத்து மாற்றலாம். பழைய தாளை மட்டும் கழுவவோ, ஒட்டுநாடா போடவோ வேண்டாம்.