ஒரே வீச்சு இரண்டு முறை வராது

"சுவரில் அடிக்கும்போது என் ஃபோர்ஹேண்ட் ஒரே இடத்தில் போய்ப் படுகிறது. மேட்ச்சில் அதே வீச்சைத்தான் வீசுகிறேன், ஆனால் பத்தில் நான்கு வெளியே போய்விடுகிறது. வீச்சு மாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஃபோர்ஹேண்ட் என்றால் மட்டை பிடித்த கையின் பக்கம் வரும் பந்தை அடிக்கும் வீச்சு. டென்னிஸ் ஆடுகிற எவருக்கும் ஒரு நாளாவது வந்திருக்கும் சந்தேகம் இது. எனக்குப் பல வருஷம் இருந்தது. பதிலைத் தேடிப் போனபோதுதான், கேள்விக்குள்ளேயே ஒரு தப்பான நம்பிக்கை உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நன்றாக ஆடுகிறவர்கள் ஒரே வீச்சைத் திரும்பத் திரும்ப வீசுகிறார்கள் என்ற நம்பிக்கை அது. அவர்கள் அப்படி வீசுவதில்லை. மனித உடம்பால் அது முடியவும் முடியாது.

முதலில், பிழைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். ஒற்றையர் ஆட்டத்தில் அகலம் 8.23 மீட்டர். வலையின் உயரம் நடுவில் 91.4 சென்டிமீட்டர், கம்பங்களின் பக்கம் 1.07 மீட்டர். கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைனிலிருந்து அடிக்கும் பந்து ஒரே ஒரு டிகிரி கூடுதலாக மேல்நோக்கிக் கிளம்பினால், வலைக்கு வரும்போது 20 சென்டிமீட்டர் கூடுதல் உயரத்தில் இருக்கும். தரையில் விழும் இடம் ஒரு மீட்டருக்கு மேல்கூடத் தள்ளிப்போகலாம். கடிகாரத்தில் இரண்டு நிமிடக் கோடுகளுக்கு நடுவே 6 டிகிரி இருக்கிறது. நாம் பேசுவது அதில் ஆறில் ஒரு பங்கைப் பற்றி.

நேரக் கணக்கு இதைவிடக் கடுமை. பந்து ஸ்ட்ரிங்கோடு ஒட்டியிருப்பது 4 அல்லது 5 மில்லி விநாடிதான். விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் வசதி போனில் இருந்தால் இதை நீங்களே பார்க்கலாம். அதில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் 4.2 மில்லி விநாடி இடைவெளி. என் வீச்சைப் பக்கவாட்டிலிருந்து எடுத்து ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். ஒரு படத்தில் பந்து மட்டைக்கு முன்னால் முழு உருண்டையாக நிற்கிறது. அடுத்ததில் ஒரு பக்கம் தட்டையாக நசுங்கி ஸ்ட்ரிங்கில் அழுந்தியிருக்கிறது. அதற்கு அடுத்ததில் அரைச் சாண் தள்ளிப் போய்விட்டது. ஃபோர்ஹேண்ட் என்று நாம் சொல்வதன் முடிவு முழுவதும் அந்த ஒற்றைப் படத்துக்குள் இருக்கிறது. கண்ணில் பட்டதை வைத்து மூளை கையை அசைக்கவே சுமார் 200 மில்லி விநாடி ஆகும். எனவே பந்து பட்ட பிறகு திருத்துவதற்கு எதுவுமே இல்லை. அடித்த பிறகும் வீச்சை முழுசாக முடிக்கச் சொல்கிறார்களே என்று கேட்கலாம். சீக்கிரம் நிறுத்த நினைக்கும் கை, பந்து படுவதற்கு முன்பே பிரேக் போட ஆரம்பித்துவிடும். அதைத் தடுக்கத்தான் அந்த அறிவுரை.

சரி, உடம்பு ஏன் ஒரே மாதிரி வீசாது? மூளையிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையில் எப்போதும் கொஞ்சம் இரைச்சல் கலந்திருக்கிறது. பழைய ரேடியோவில் பாட்டோடு சேர்ந்து வரும் கரகரப்பு மாதிரி. 1998இல் கிறிஸ்டோபர் ஹாரிஸும் டேனியல் வோல்பர்ட்டும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரைக்கு அடித்தளமே இந்தக் கரகரப்புதான்: கட்டளை எவ்வளவு பெரிதோ, இரைச்சலும் அவ்வளவு பெரிது. ஓங்கி அடிக்கும்போது பந்து சிதறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். மன உறுதி குறைவு என்று யாரும் தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டாம். 2004இல் வோல்பர்ட் குழுவினர் இன்னொன்றையும் காட்டினார்கள். அதே அளவு விசையைத் தரும்போது பெரிய தசைகளில் இந்த இரைச்சல் குறைவாக இருக்கிறது. "கையால் அடிக்காதே, உடம்பைத் திருப்பி அடி" என்று கோச்சுகள் காலங்காலமாகச் சொல்வதில் இவ்வளவு விஷயம் இருக்கிறது.

ஆனால் இரைச்சலைக் குறைப்பது பாதிக் கதைதான். மீதிப் பாதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு 1920களின் மாஸ்கோவுக்குப் போக வேண்டும்.

நிகோலாய் பெர்ன்ஸ்டைன் என்ற உடலியல் அறிஞர், தொழிலாளர்களின் அசைவுகளை ஆராயும் அரசு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். உளியைச் சுத்தியலால் அடிப்பது எப்படி என்று அளப்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. தொழிலாளியின் கை மூட்டுகளிலும் சுத்தியலிலும் சின்னச் சின்ன பல்புகளைக் கட்டினார். காமிராவின் முன்னால் ஒரு சுழலும் மூடி, அது வெளிச்சத்தை விட்டுவிட்டு அனுப்பும். ஒரே புகைப்படத் தகட்டில் ஒவ்வொரு பல்பின் பாதையும் கோலப் புள்ளிகள் மாதிரி வரிசையாகப் பதிந்துவிடும். புள்ளிகள் நெருங்கினால் வேகம் குறைவு, விலகினால் வேகம் அதிகம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், அந்தப் புள்ளிகளை அளந்தே வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டார்.

அந்தத் தொழிலாளிகள் தினமும் நூற்றுக்கணக்கான தடவை அதே அடியை அடிப்பவர்கள். தோளும் முழங்கையும் மணிக்கட்டும் அச்சில் வார்த்தது போல ஒரே பாதையில் போகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். போகவில்லை. ஒவ்வொரு அடிக்கும் மூட்டுகளின் பாதை மாறியது. சுத்தியலின் முனையோ அந்த அளவுக்கு மாறவில்லை. இது எவ்வளவு விசித்திரம் என்று கொஞ்சம் நின்று யோசியுங்கள். தோளில் ஒரு பிழை, அதற்கு மேல் முழங்கையில் ஒரு பிழை, அதற்கும் மேல் மணிக்கட்டில் ஒன்று என்று சேர்ந்துகொண்டே போனால், சங்கிலியின் கடைசியில் இருக்கும் சுத்தியல் முனைதான் அதிகமாக அலைய வேண்டும். அது அலையவில்லை என்றால் ஒரே விளக்கம்தான் உண்டு. மூட்டுகள் ஒன்றின் பிழையை இன்னொன்று வாங்கிச் சரிசெய்கின்றன. தோள் கொஞ்சம் முந்தினால் முழங்கை அதே அளவு பிந்துகிறது.

நம்பக் கஷ்டமாக இருந்தால் ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, கையில் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். இடுப்பு ஏறி இறங்குகிறது, தோள் ஆடுகிறது, முழங்கை மடங்கி நிமிர்கிறது. தண்ணீர் மட்டும் அசையாமல் இருக்கிறது. இப்போது முழங்கையையும் மணிக்கட்டையும் இறுக்கிக்கொண்டு அதே தூரம் நடங்கள். இரண்டாவது அடியிலேயே சிந்தும். மேட்ச்சில் பயம் வந்ததும் கையை இறுக்குகிறோமே, அப்போது நடப்பதும் இதேதான். ஒன்றையொன்று சரிசெய்துகொண்டிருந்த மூட்டுகளை நாமே பூட்டிவிடுகிறோம்.

பயிற்சி என்றால் ஒரே விடையைத் திரும்ப எழுதிப் பார்ப்பது கிடையாது, அதே கணக்கை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட்டுப் பார்ப்பது என்ற பொருளில் எழுதினார் பெர்ன்ஸ்டைன். அசைவுகளைப் பற்றி 1947இல் வெளிவந்த அவருடைய பெரிய புத்தகத்துக்கு மறு ஆண்டு ஸ்டாலின் பரிசு கிடைத்தது. கொஞ்ச காலத்திலேயே, ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லோவின் கொள்கைக்கு எதிரானவர் என்று முத்திரை குத்தி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆய்வுக்கூடம் இல்லாமலே 1966இல் இறந்துபோனார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். சுத்தியல் அடிப்பதை அளந்தவரின் வேலை பின்னாளில் பக்கவாதம் வந்தவர்களின் சிகிச்சைக்கும் ரோபோக்களுக்கும் விளையாட்டுக்கும் வழிகாட்டியது. "இதனால் உடனே என்ன பயன்?" என்ற கேள்வியை மட்டும் வைத்து ஆய்வுக்குப் பணம் ஒதுக்குபவர்கள் இந்த மாதிரி வேலையை முளையிலேயே கிள்ளிவிடுவார்கள் என்பது என் கருத்து.

பிழையை வழியிலேயே சரிசெய்யும் இந்த வித்தையை மட்டை விளையாட்டில் அழகாகக் காட்டியவர்கள் போட்ஸ்மா, வான் வீரிங்கன் என்ற இரு ஆய்வாளர்கள். 1990இல், தேர்ந்த டேபிள் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் ஃபோர்ஹேண்டை அளந்தார்கள். வீச்சு தொடங்கும் நேரம் அடிக்கு அடி மாறியது. ஆனால் பந்தை நெருங்க நெருங்க அந்த வித்தியாசம் சுருங்கி, பந்து படும் கணத்தில் 2 முதல் 5 மில்லி விநாடிக்குள் வந்துவிட்டது. ஒரு புனல் மாதிரி. வாய் அகலம், கழுத்து குறுகல். தாமதமாகத் தொடங்கினால் வழியில் வேகத்தைக் கூட்டிச் சமாளிக்கிறார்கள்.

அந்த 5 மில்லி விநாடி டென்னிஸில் எவ்வளவு பெரிது என்று ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மட்டை விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில், 1 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சுற்றுகிறது என்று வையுங்கள். 5 மில்லி விநாடியில் அது 12.5 சென்டிமீட்டர் நகரும், அதாவது 7 டிகிரி திரும்பும். அவ்வளவு சீக்கிரமாகப் பந்தைத் தொட்டால், மறுமுனையில் பந்து ஏறக்குறைய 3 மீட்டர் பக்கவாட்டில் போயிருக்கும். இப்போது பந்து படும் இடத்துக்கு அருகில் மட்டையின் பாதையைக் கொஞ்சம் நிமிர்த்தி, 2 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு போல ஆக்குங்கள். அதே நேரப் பிழைக்குப் பந்து விலகுவது பாதியாகிவிடுகிறது. கையின் நேரக்கணிப்பு முன்னேறவே இல்லை, பிழையின் விலைதான் குறைந்தது. தோள் திரும்புவதோடு உடம்பும் முன்னால் நகர்வது, மணிக்கட்டு பின்தங்கி வந்து கடைசியில் மட்டையை நேராக்குவது எல்லாம் இந்தப் பாதையை நிமிர்த்தும் வேலையைத்தான் செய்கின்றன.

பந்தை முன்னோக்கிச் சுழல வைக்கும் டாப்ஸ்பின்னும் அதே ரகம்தான், அது மேல் கீழ்ப் பிழையின் விலையைக் குறைக்கிறது. சுழலும் பந்து வளைந்து போவதை நியூட்டன் 1672இலேயே ஒளியைப் பற்றிய கடிதத்தில் டென்னிஸ் பந்தை உதாரணம் காட்டி எழுதிவிட்டார். முன்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்று கீழே அழுத்துவதால், வலைக்கு ஒரு மீட்டர் மேலே அடித்தாலும் உள்ளே விழுகிறது. டென்னிஸ் வீரர் ரஃபேல் நடாலின் ஃபோர்ஹேண்டில் பந்து சராசரியாக நிமிடத்துக்கு 3,200 சுற்று சுழன்றதாக அளந்திருக்கிறார்கள். மூலைக்கு மூலை குறுக்காக அடிப்பதிலும் லாபம் உண்டு. வலை தாழ்வாக இருக்கும் நடுப்பகுதி வழியாகப் பந்து போகிறது, கோர்ட்டும் 1.4 மீட்டர் நீளமாகக் கிடைக்கிறது.

இனி வாசகரின் சுவருக்கு வருவோம். சுவரிலிருந்து திரும்பும் பந்தின் வேகம், உயரம், தாளம் எல்லாம் நீங்கள் அடித்ததிலிருந்தே பிறக்கின்றன. கால் பெரிதாக நகர வேண்டியதில்லை. மேட்ச்சில் பந்து ஒரு கை தள்ளி எழும்புகிறது, அல்லது வயிற்றுக்கு நேராக வருகிறது. அந்தத் தூரத்தை முழங்கையும் மணிக்கட்டும் மட்டுமே சமாளிக்க வேண்டும் என்றால், அவை திருத்தக்கூடிய எல்லையைத் தாண்டிவிடும். கடைசி நேரத்தில் எடுத்து வைக்கும் குட்டிக் குட்டி அடிகளும் அந்தத் திருத்தும் கூட்டத்தில் ஒரு உறுப்பினர்தான். சுவர் அதற்குப் பயிற்சியே கொடுப்பதில்லை.

1978இல் கெர், பூத் என்ற இரு ஆய்வாளர்கள், எட்டு வயதுக் குழந்தைகளைக் குறி பார்த்து சிறு பைகளை வீசவைத்தார்கள். ஒரு குழு 3 அடித் தூரத்திலேயே பழகியது. இன்னொரு குழு 2 அடியிலும் 4 அடியிலும் பழகியது, 3 அடியைத் தொடவே இல்லை. 12 வாரம் கழித்து 3 அடியில் சோதித்தபோது, அந்த இரண்டாவது குழுதான் நன்றாக வீசியது. "தசைக்கு நினைவு இருக்கிறது" என்று சொல்கிறார்களே, அந்த வார்த்தை எனக்குப் பிடிக்காது. தசையில் ஒரு ஒளிநாடா பதிந்திருப்பது போலவும், அதைத் தேய்த்துத் தேய்த்துப் பதிய வைக்க வேண்டும் என்பது போலவும் நினைக்க வைக்கிறது. ராசியான சாக்ஸை நம்புகிறவர்களைவிட இதை நம்புகிறவர்கள் அதிக நேரத்தை வீணாக்குகிறார்கள். சாக்ஸை மாட்ட இரண்டு நிமிஷம் போதும். ஒரே மாதிரி வரும் பந்தை ஆயிரம் தடவை அடிக்க ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

ஆகவே அந்த வாசகருக்கு நான் சொல்வது: பந்து போட்டுத்தரும் நண்பரிடம் ஒன்று உயரமாக, ஒன்று தாழ்வாக, ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக என்று கலந்து போடச் சொல்லுங்கள். இலக்கை மட்டும் மாற்றாதீர்கள். முதல் வாரம் இப்போதையதைவிட மோசமாகத்தான் போகும், அதற்காக நிறுத்திவிட வேண்டாம். போனைப் பக்கவாட்டில் வைத்து இருபது ஃபோர்ஹேண்டைப் பதிவுசெய்து, ஒவ்வொன்றிலும் பந்து நசுங்கும் அந்த ஒரு படத்தை மட்டும் எடுத்து வரிசையாக வையுங்கள். முன்காலுக்கு எவ்வளவு முன்னால் பந்து இருக்கிறது, மட்டையின் முகம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த இரண்டும் இருபதிலும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், பின்னால் தெரியும் முழங்கை இருபது விதமாக மடங்கியிருந்தாலும் அதைத் தொட வேண்டாம்.