கைக்குழந்தையோடு வெளிநாடு: பாஸ்போர்ட் முதல் பால்புட்டி வரை உள்ள விதிகள்

விமான நிறுவனத்தின் கணக்கில் கைக்குழந்தைக்கு இருக்கை கிடையாது. குடியேற்ற அதிகாரியின் கணக்கிலோ அது முழு ஆள். முதல் தடவை குழந்தையோடு கிளம்புகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதால்தான். 'மடியில்தானே உட்காரப்போகிறது, அதற்கு எதற்குத் தனி விசா?' என்று விட்டுவிடுகிறார்கள். செக்-இன் கவுண்டரில் நிற்கும்போது விஷயம் புரிகிறது.

தனிப் பாஸ்போர்ட், தனி விசா

ஒரு காலத்தில் அம்மா அல்லது அப்பாவின் பாஸ்போர்ட்டிலேயே குழந்தையின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். 'ஓர் ஆளுக்கு ஒரு பாஸ்போர்ட்' என்பதைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விதியாக்கிய பிறகு அந்த வழக்கம் ஒழிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 ஜூன் 26-க்குப் பிறகு, பெற்றோரின் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை வைத்துக் குழந்தை எல்லை தாண்ட முடியாது. பிறந்து பத்து நாள் ஆன சிசுவானாலும் படத்தோடு தனிப் புத்தகம் வேண்டும்.

வேலையின் வரிசை இது: பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா, அதற்குப் பிறகே பணம் திரும்பாத டிக்கெட். சறுக்கல் பெரும்பாலும் முதல் படியிலேயே நேர்கிறது. குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைப் பதிந்திருந்தால் சான்றிதழில் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். அதை வைத்துப் பாஸ்போர்ட் வாங்க முடியாது. பெயரைச் சேர்த்துப் புதுச் சான்றிதழ் வாங்குங்கள். பெற்றோரின் பெயர்களும் அவர்களுடைய பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் திரும்பி வரலாம்.

பெயரைப் பற்றி இன்னொன்று. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு, ஒற்றைச் சொல்லை மட்டும் பெயராகப் பதிந்தால் பின்னால் தொல்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் வருகை விசாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. தந்தையின் பெயர் பாஸ்போர்ட்டின் வேறு பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கம் வந்தது. குழந்தைக்கு இப்போதுதானே முதல் ஆவணம் எடுக்கிறீர்கள்? இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுவது நல்லது.

குழந்தையின் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் குறைவு. அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா மூன்றிலும் ஐந்தே ஆண்டுகள். பல நாடுகள், உள்ளே நுழையும் நாளில் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்), அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் மிச்சம் இருக்க வேண்டும்.

விசாவும் அப்படியே, தலைக்கு ஒன்று. ஷெங்கன் விசாவில் ஆறு வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை, 12 வயதுக்குக் கீழே கைரேகையும் இல்லை. ஆனால் விண்ணப்பம் உண்டு. அமெரிக்கச் சுற்றுலா விசாவில் வயதுச் சலுகையே கிடையாது, பெரியவருக்கு என்ன கட்டணமோ அதே கட்டணம்தான். விசா வேண்டாத நாட்டவர் எடுக்கும் அமெரிக்க எஸ்டா, பிரிட்டன் ஈ.டி.ஏ. போன்ற இணைய அனுமதிகளும் குழந்தையின் பெயரில் தனியாக வேண்டும். பெற்றோருக்கு எடுத்ததோடு நிறுத்திவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு.

படம் எடுப்பது

விண்ணப்பத்தில் அதிகம் நிராகரிக்கப்படக்கூடிய பொருள் இந்தப் படம். வேறு ஆளின் கை, பொம்மை, சூப்பான், முகத்தின் மேல் நிழல் எதுவும் தெரியக்கூடாது. தலை தாங்காத குழந்தையை நிமிர்த்திப் பிடித்து எடுக்கப் போராட வேண்டாம். சுருக்கம் இல்லாத வெள்ளை விரிப்பில் மல்லாக்கப் படுக்கவைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும். கேமராவைப் பிடிக்கிறவரின் நிழல் குழந்தைமேல் விழாமல், வெளிச்சம் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். பால் குடித்து முடித்து, தூக்கம் வருவதற்கு முன் கிடைக்கும் பத்து நிமிடம்தான் நேரம். பிரிட்டனில் ஒரு வயதுக்குக் கீழே கண் திறந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்காவும் சிசுக்களுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. அளவு நாட்டுக்கு நாடு மாறும். பல இடங்களில் 35-க்கு 45 மில்லிமீட்டர், அமெரிக்காவுக்கு இரண்டு அங்குலச் சதுரம். ஒரே படத்தை வெட்டி எல்லாவற்றுக்கும் பயன்படுத்த நினைத்தால் தலையின் அளவு பொருந்தாமல் போகும்.

ஒரு பெற்றோர் மட்டும் போகும்போது

பெற்றோரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் குழந்தையை வேறு நாட்டுக்குக் கடத்திப்போவதைத் தடுக்க 1980-இல் ஹேக் ஒப்பந்தம் உருவானது. எல்லையில் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கவலை; அதிகாரி உங்கள்மேல் சந்தேகப்படுகிறார் என்று கோபப்பட வேண்டியதில்லை. தாயின் குடும்பப் பெயரும் குழந்தையின் குடும்பப் பெயரும் வேறாக இருந்தால் கேள்வி நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தடுப்பு பாஸ்போர்ட் எடுக்கும்போதே தொடங்கிவிடும். அமெரிக்காவில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இரு பெற்றோரின் ஒப்புதலும் தேவை. நேரில் வராதவர் நோட்டரி முன் கையெழுத்திட்ட டி.எஸ்-3053 படிவம் அனுப்ப வேண்டும். பயணத்தின்போது ஒப்புதல் கடிதம் எல்லா நாட்டிலும் கட்டாயம் இல்லை. தென்னாப்பிரிக்கா 2015-இல் பெற்றோரின் விவரமும் உள்ள முழு விவரப் பிறப்புச் சான்றிதழைக் கட்டாயமாக்கி, பிறகு தளர்த்தியது. ஆகவே நாடு எதுவானாலும் கடிதத்தை எடுத்துப்போங்கள். போகும் நாட்டின் மொழியிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும். உள்ளடக்கம் இவ்வளவு போதும்:

'…… என்னும் நான் (பாஸ்போர்ட் எண் ……), …… தேதியில் …… ஊரில் பிறந்த என் குழந்தை …… (பாஸ்போர்ட் எண் ……), தன் தாய் / தந்தை …… (பாஸ்போர்ட் எண் ……) உடன் …… முதல் …… வரை …… நாட்டுக்குச் சென்றுவரச் சம்மதிக்கிறேன். அங்கே தங்கும் முகவரி ……. அவசர மருத்துவச் சிகிச்சைக்கு முடிவெடுக்க அவருக்கு அனுமதி தருகிறேன். என் தொலைபேசி எண் …….'

கீழே கையெழுத்து, தேதி, நோட்டரி முத்திரை. கூடவே கையெழுத்திட்டவரின் பாஸ்போர்ட் நகல், பிறப்புச் சான்றிதழின் அசல். பெற்றோரில் ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், பிரிந்திருந்தால் நீதிமன்ற உத்தரவு. 'எப்போது வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும்' என்று தேதியே இல்லாமல் எழுதிய கடிதத்துக்கு மதிப்புக் குறைவு. தாத்தா பாட்டியோடு அனுப்பினால் இரு பெற்றோரும் கையெழுத்திட வேண்டும்.

டிக்கெட்டும் மடியும்

இரண்டு வயது நிறையாத குழந்தை மடியில் போகலாம். சர்வதேச விமானத்தில் அதற்கும் டிக்கெட் உண்டு. பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு, அதோடு வரிகள். வயதைக் கணக்கிடுவது பயண நாளில், முன்பதிவு நாளில் இல்லை. போகும்போது 23 மாதம், திரும்பும்போது இரண்டு வயது கடந்திருக்கும் என்றால் திரும்பும் பயணத்துக்கு இருக்கை வாங்கியாக வேண்டும். ஒரு பெரியவருக்கு மடியில் ஒரு குழந்தைதான். இரட்டையரோடு ஒருவர் தனியாகப் போனால் இன்னொரு குழந்தைக்கு இருக்கையும் அதில் பொருத்தும் கார் சீட்டும் (காரில் குழந்தையை உட்காரவைக்கும் பாதுகாப்பு இருக்கை) வேண்டும். பச்சிளம் சிசுவுக்குக் குறைந்தபட்ச வயது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஏழு நாள், பதினான்கு நாள் என்பவை பரவலான வரம்புகள். குறைமாதக் குழந்தை என்றால் மருத்துவரின் சான்றும் கேட்பார்கள்.

மடியில் குழந்தையை எப்படிக் கட்டுவது என்பதில் நாடுகளே ஒத்துப்போகவில்லை. ஐரோப்பிய விமானங்களில் பெற்றோரின் பெல்ட்டில் கோத்துக்கொள்ளும் சிறிய வளைய பெல்ட் தருவார்கள். அமெரிக்க விமானங்களில் புறப்படும்போதும் இறங்கும்போதும் அதற்கு அனுமதி இல்லை. மோதலில் பெரியவரின் உடல் முன்னால் மடங்கிக் குழந்தையை நசுக்கிவிடும் என்பது காரணம். எங்கேயானாலும் உங்கள் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துப் பூட்டாதீர்கள், ஆபத்து அதேதான்.

1989 ஜூலையில் அமெரிக்காவின் சியூ சிட்டியில் விழுந்த விமானத்தில் நான்கு குழந்தைகள் இருக்கை இல்லாமல் பயணம் செய்தார்கள். ஒரு குழந்தை இறந்தது. அந்த விபத்துக்குப் பிறகு, குழந்தைக்கும் தனி இருக்கையும் பாதுகாப்புப் பட்டையும் கட்டாயமாக்கச் சொல்லி அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வற்புறுத்தியது. விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பு ஏற்கவில்லை. கூடுதல் டிக்கெட் வாங்க முடியாத குடும்பங்கள் காரில் கிளம்பிவிடும், சாலையில் சாவு அதிகம் என்பது அதன் வாதம். ஆனாலும் தனி இருக்கையே பாதுகாப்பு என்று அந்த அமைப்பும் பரிந்துரைக்கிறது. பணம் இருந்தால் இருக்கை வாங்குங்கள்.

கார் சீட்டைக் கொண்டுபோவதானால் அடியிலோ பக்கவாட்டிலோ விமானப் பயன்பாட்டுக்கான ஒப்புதல் வாசகம் இருக்கிறதா பாருங்கள். அமெரிக்கத் தயாரிப்புகளில் சிவப்பு எழுத்தில் இருக்கும். அகலம் 16 அங்குலத்துக்குள் இருந்தால் பெரும்பாலான இருக்கைகளில் அடங்கும். ஜன்னலோரத்தில் பொருத்த வேண்டும். அவசர வழி வரிசையில் கூடாது.

முன்வரிசை இருக்கைகளுக்கு எதிரே உள்ள தடுப்புச் சுவரில் மாட்டும் தொட்டிலை முன்பதிவின்போதே கேளுங்கள். எடை வரம்பு பெரும்பாலும் 10 முதல் 14 கிலோவுக்குள். புறப்படும்போதும் இறங்கும்போதும் அதில் குழந்தை இருக்கக்கூடாது. பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்குகிற குழந்தையையும் எடுக்கச் சொல்வார்கள். பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் இரண்டு மடிக் குழந்தைகளுக்கு இடம் தராததற்குக் காரணம் ஆக்சிஜன் முகமூடி. பொதுவாக ஒரு வரிசைத் தொகுதிக்கு ஒன்றுதான் உபரி.

பால், கூழ், தண்ணீர்

திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதித்திட்டம் 2006 ஆகஸ்ட்டில் பிடிபட்ட பிறகு, கைப்பையில் உள்ள திரவங்களுக்கு வந்த 100 மில்லி வரம்பு, குழந்தையின் உணவுக்குப் பொருந்தாது. பயணத்துக்கு நியாயமாகத் தேவைப்படும் அளவு கொண்டுபோகலாம். பையில் புதைத்து வைக்காமல் தனியாக எடுத்து, சோதனை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். அமெரிக்காவில் பால்பவுடர் கரைசல், தாய்ப்பால், கூழ், குளிர்ப்பொதிகள் எல்லாவற்றுக்கும் அனுமதி. தாய்ப்பாலுக்குக் குழந்தை கூட இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பிரிட்டனில் தாய்ப்பால் ஒரு கலத்துக்கு 2,000 மில்லி வரை சரி. ஆனால் உறைந்த தாய்ப்பால் கைப்பையில் கூடாது. உறையவைத்தால் கெடாது என்று நினைத்து எடுத்துவருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இறங்கிய பின் சுங்க விதி வேறு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருள் கொண்டுவரத் தடை இருந்தாலும், குழந்தைகளுக்கான பால்பவுடரும் உணவும் ஆளுக்கு இரண்டு கிலோ வரை விதிவிலக்கு. கடையில் வாங்கிய பொட்டலமாக, திறக்கும்வரை குளிர்பதனம் தேவைப்படாததாக இருக்க வேண்டும்.

தடுப்பூசி

மஞ்சள் காய்ச்சல் சான்றிதழைப் பல நாடுகள் ஒன்பது மாதத்திலிருந்து கேட்கின்றன. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அது செல்லும். ஆறு மாதத்துக்குக் கீழே அந்த ஊசி போடவே கூடாது. அந்த வயதில் நோய்ப் பகுதிக்குப் பயணத்தைத் தள்ளிப்போடுவதே வழி. தட்டம்மைக்கு, வெளிநாடு செல்லும் 6 முதல் 11 மாதக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே ஒரு தவணை போட அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் பரிந்துரைக்கிறது. ஆனால் அந்தத் தவணை கணக்கில் சேராது, ஒரு வயதுக்குப் பிறகு வழக்கமான இரண்டும் போட வேண்டும்.

தள்ளுவண்டி

பெரும்பாலான நிறுவனங்கள் விமான வாசல் வரை தள்ளிக்கொண்டு போக விடும். அதற்குச் செக்-இன் கவுண்டரிலேயே அட்டை கட்டச் சொல்லுங்கள். இறங்கியதும் அது வாசலுக்கு வருமா, பெட்டிகள் சுற்றும் பட்டைக்கு வருமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். உடைந்து வந்தால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் சேதப் புகார் பதிந்து நகல் வாங்குங்கள். விமான நிறுவனங்களின் இழப்பீட்டுப் பொறுப்பைச் சொல்லும் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு எழுத்துப் புகார் 7 நாளுக்குள், தாமதமாக வந்த பொருளுக்கு அது கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும்.