கால் நொடி தாக்குப்பிடிக்கும் கோபால்ட்

அணுக்கருவுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கூடுதலாகக் கொடுத்தால் அது கிளர்வு நிலைக்குப் போகும். ஆனால் அங்கே உட்காராது. நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஆவதற்குள் காமா கதிராக ஆற்றலைக் கக்கிவிட்டுக் கீழே இறங்கிவிடும். பெரும்பாலும் கதை இவ்வளவுதான். சில கருக்கள் மட்டும் மேலேயே மாட்டிக்கொள்கின்றன. அவற்றுக்குப் பெயர் ஐசோமர்.

இதில் எனக்குப் பிடித்தது கோபால்ட்-53. நீலக் கண்ணாடிக்கு நிறம் தரும் சாதாரண கோபால்ட்டில் 27 புரோட்டான்கள், 32 நியூட்ரான்கள். கோபால்ட்-53இல் அதே 27 புரோட்டான்களுக்கு நியூட்ரான்கள் வெறும் 26. அதாவது புரோட்டான்கள் மிகுந்த, இயற்கையில் நிலைக்காத கரு. அதன் ஐசோமர் தரை நிலைக்கு (ஆற்றல் மிகக் குறைந்த நிலை) 3.17 மெகா எலக்ட்ரான்வோல்ட் (அணுக்கரு ஆற்றலின் அலகு) மேலே இருக்கிறது, அரை ஆயுள் ஏறத்தாழ 0.25 நொடி. கால் நொடி ஒரு ஆயுளா என்று கேட்கலாம். மேலே சொன்ன சாதாரணக் கிளர்வு நிலையோடு ஒப்பிட்டால் இது 25 ஆயிரம் கோடி மடங்கு!

ஏன் மாட்டிக்கொள்கிறது? காரணம் சுழற்சி, அதாவது கோண உந்தம். தரை நிலையின் சுழற்சி 7/2, ஐசோமருடையது 19/2. இறங்க வேண்டுமென்றால் வித்தியாசமான ஆறு அலகையும் எப்படியாவது கழித்தாக வேண்டும். காமா ஃபோட்டானுக்கு ஒன்றிரண்டு அலகைத் தூக்கிக்கொண்டு போவது சுலபம், நான்கு, ஐந்து என்று ஏற ஏற வாய்ப்பு மளமளவென்று சரிந்துவிடும். சரி, படிப்படியாக இறங்கலாமே? அங்கேதான் சிக்கல். 17/2, 15/2, 13/2 என்று நடுவில் இருக்க வேண்டிய படிகள் எல்லாம் ஆற்றலில் இந்த நிலைக்கும் மேலே போய் உட்கார்ந்திருக்கின்றன. பரண்மேல் ஏறியவனுக்கு ஏணியின் நடுப்படிகளை யாரோ உருவிவிட்ட மாதிரி. அடுத்து கால் வைக்கக் கிடைப்பது 11/2 தான், ஒரே தாவலில் நான்கு அலகு.

படிகள் ஏன் இப்படி இடம் மாறின? 28 என்பது அணுக்கருவில் ஒரு மாய எண், அந்த எண்ணிக்கையில் ஒரு கூடு நிரம்பிவிடும். நிக்கல்-56இல் புரோட்டானும் 28, நியூட்ரானும் 28. அதிலிருந்து ஒரு புரோட்டானையும் இரண்டு நியூட்ரான்களையும் எடுத்தால் கோபால்ட்-53. ஆக, கடைசிக் கூட்டில் மூன்று காலி இடங்கள். புரோட்டானின் காலி இடம் 7/2 தரும். நியூட்ரான்களின் இரண்டு காலி இடங்கள் சேர்ந்து அதிகபட்சம் 6 தரும் (ஒரே வகைத் துகள்கள் இரண்டு ஒரே நிலையில் இருக்கக் கூடாது என்னும் பாலி விதி 7 வரை போக விடாது). கூட்டினால் 19/2. மூன்றும் ஒரே பக்கமாகச் சுற்றும் ஏற்பாடு இது, இதற்கு மேல் இந்தக் கூட்டில் சுழற்சி கிடையாது. அப்படிச் சுற்றும்போது புரோட்டான்–நியூட்ரான் ஈர்ப்பு நன்றாகப் பிடிப்பதால் ஆற்றல் இறங்கிவிடுகிறது, நடு நிலைகள் மேலேயே தங்கிவிடுகின்றன.

இதன் கண்ணாடிப் பிம்பம் இரும்பு-53: 26 புரோட்டான், 27 நியூட்ரான். அதிலும் இதே 19/2 ஐசோமர் உண்டு, காமா வழியாக இறங்க இரண்டரை நிமிடம் எடுத்துக்கொள்கிறது. எப்போதாவது ஆறு அலகையும் ஒரே ஃபோட்டானில் தள்ளிவிட்டு நேராகத் தரைக்கே குதிக்கவும் செய்கிறது. வேறெந்தக் கருவிலும் அப்படி ஒரு குதியை உறுதியாகப் பார்த்ததில்லை. கோபால்ட்-53க்கு அவ்வளவு பொறுமை வேண்டியதில்லை. ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறினால் போதும் (இதுதான் பீட்டா சிதைவு, கூடவே ஒரு பாசிட்ரான், அதாவது நேர்மின் எலக்ட்ரான், வெளியே வரும்), வேறெதையும் கலைக்காமல் அப்படியே இரும்பின் 19/2 நிலையாகிவிடலாம். பெரும்பாலும் அதைத்தான் செய்கிறது.

பெரும்பாலும்தான், எப்போதும் இல்லை. 1970இல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் ஆக்சிஜன்-16 கருக்களைக் கால்சியம்-40 மேல் மோதவிட்டார்கள். இரண்டும் ஒட்டினால் நிக்கல்-56, அந்தச் சூட்டில் ஒரு புரோட்டானையும் இரண்டு நியூட்ரான்களையும் உதறினால் நம்ம கோபால்ட்-53. அதிலிருந்து சுமார் 1.6 மெகா எலக்ட்ரான்வோல்ட்டில் புரோட்டான்கள் தாமதமாக வெளியே வந்தன, கால் நொடி அரை ஆயுளோடு. பீட்டா சிதைவுக்குப் பின்னால் தெறிக்கும் புரோட்டானாக இருக்கலாமே? இயற்பியலாளர் ஜோசப் செர்னியின் குழு அமெரிக்காவின் பெர்க்லியில் சோதித்தபோது கூடவே பாசிட்ரான் வரவில்லை. கருவே நேரடியாகப் புரோட்டானைத் துப்புகிறது! புரோட்டான் கதிரியக்கம் முதலில் பிடிபட்டது இப்படித்தான், அதுவும் தரை நிலையில் இல்லை, ஐசோமரில்.

கணக்கு எளிது. தரை நிலையில் ஒரு புரோட்டானைப் பிய்க்க 1.6 மெகா எலக்ட்ரான்வோல்ட் வேண்டும், எனவே அது தானாக வெளியேறாது. ஐசோமரிடம் 3.17 இருக்கிறது. செலவு போக மீதி 1.56, அதுதான் புரோட்டானின் வேகமாகிறது. ஆனாலும் வாசலில் இரண்டு தடைகள். ஒன்று மின் விலக்கத் தடை, குவாண்டம் ஊடுருவலால்தான் அதைத் தாண்ட முடியும். இன்னொன்று மறுபடியும் சுழற்சி: புரோட்டான் போனபின் மிஞ்சும் இரும்பு-52இன் தரை நிலையில் சுழற்சி பூஜ்யம் என்பதால் புரோட்டான் ஒன்பது அலகு சுற்றுக் கோண உந்தத்தைத் தன் தலையில் சுமந்துகொண்டு போக வேண்டும். அதனால் சிதைவுகளில் சுமார் 1.3% மட்டுமே இந்த வழி. இது ஒன்றுதான் வழி என்றிருந்தால் அரை ஆயுள் 19 நொடிக்கு நீண்டிருக்கும்.

அப்புறம் 2023இல் இன்னொரு சந்தும் தெரியவந்தது. இரும்பு-52இன் முதல் கிளர்வு நிலைக்குப் போனால் ஏழு அலகு சுமந்தால் போதும், ஆனால் கையில் மிஞ்சும் ஆற்றல் பாதிக்கும் குறைவு. சுமை குறைந்த லாபத்தை ஆற்றல் குறைந்த நஷ்டம் விழுங்கிவிடுகிறது: பத்தாயிரம் சிதைவுகளில் இரண்டோ மூன்றோதான் அந்தச் சந்து வழியே போகின்றன.