ஸ்கொயர் எல்லாம் ஒரே அளவுல வரணும்னா கையை இறுக்காதீங்க, ஹூக்கை மாத்துங்க

குரோஷே (கொக்கி ஊசியால, அதாவது ஹூக்கால நூலைப் பின்றது) கிளாஸ் எடுக்கறதோட, மத்தவங்க பின்னி வச்ச ஸ்கொயரை எல்லாம் சேர்த்து பிளாங்கெட்டா முடிச்சுக் குடுக்கற வேலையும் நான் எடுத்துக்கறேன். பை பையா வரும். பையைக் கவுத்ததும் நான் முதல்ல பண்றது அத்தனையையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கறதுதான், அடுக்கி முடிச்சு பக்கவாட்டுல பாத்தா ஓரம் நேரா நிக்கவே நிக்காது, கீழ சின்னது, மேல பெருசு, நடுவுல ஒண்ணு ரெண்டு கிண்ணம் மாதிரி குழிஞ்சு கிடக்கும்.

போன வருஷம் ஒரு அக்கா 63 ஸ்கொயர் கொண்டு வந்தாங்க. பேரனுக்கு. அகலத்துக்கு 7, நீளத்துக்கு 9, ஒவ்வொண்ணும் 6 இன்ச், கணக்கெல்லாம் சரியாப் போட்டிருந்தாங்க, ஒரே பிராண்ட் 8 பிளை (நூலோட கனத்தைச் சொல்ற நம்பர்) அக்ரிலிக், ஒரே 4 மில்லிமீட்டர் ஹூக், ஒரே பேட்டர்ன், பின்னினதும் அவங்க ஒருத்தர் கைதான். ஆனா ஆரம்பத்துல போட்டதெல்லாம் அஞ்சரை இன்ச், கடைசில போட்டதெல்லாம் ஆறேகால். முக்கால் இன்ச்தானே, இழுத்துப் பிடிச்சு தச்சா சரியாயிடும்னு அவங்க நினைச்சிருந்தாங்க. சின்னதா இருக்கற 9 ஸ்கொயரை ஒரு வரிசையா வச்சா நாப்பத்தொம்பதரை இன்ச் வரும், பெருசு 9 வச்சா அம்பத்தாறேகால். கிட்டத்தட்ட 7 இன்ச் வித்தியாசம். அதை எந்தத் தையலும் மறைக்காது.

இது அவங்க திறமைக் குறைவு இல்லை, யாரும் அவங்களுக்கு டென்ஷன்னா என்னன்னு, அதாவது நூலை எவ்வளவு டைட்டா, எவ்வளவு லூஸா பின்றோம்ங்கறதை, சரியா சொல்லித் தரலை, அவ்வளவுதான். யூடியூப் பாத்து கத்துக்கறவங்களுக்கு ஸ்டிச் தெரியும், பேட்டர்ன் படிக்கத் தெரியும், டென்ஷன் பத்தி மட்டும் "ஈவனா வச்சுக்கோங்க"ன்னு ஒரு வரில சொல்லிட்டுப் போயிடறாங்க. எப்படி வச்சுக்கறது? அதுதானே கேள்வி!

கிரானி ஸ்கொயர்ல, அதாவது நடுவுல ஆரம்பிச்சு சுத்திச் சுத்திப் பின்ற இந்த மாதிரி சதுரத்துல, இது ஏன் இவ்வளவு பெருசா தெரியுதுன்னா அது நடுவுலேர்ந்து வெளியே வளருது. ஒரு ரவுண்டு போட்டா நாலு பக்கமும் கூடும், அதாவது அகலத்துல ரெண்டு தடவை கூடும். 8 பிளை நூல்ல 6 இன்ச் ஸ்கொயருக்கு சுமாரா ஆறு ரவுண்டு வரும்னு வச்சுக்கோங்க. உங்க டபுள் குரோஷேயோட (இந்த ஸ்கொயர்ல போடற உயரமான ஸ்டிச்) உயரம் ஒரே ஒரு மில்லிமீட்டர் மாறினா போதும், ஆறு ரவுண்டுல ரெண்டு பக்கமும் சேந்து 12 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட அரை இன்ச். ஒரு மில்லிமீட்டரை கண்ணால பாத்துக் கண்டுபிடிக்க முடியாது, அதனாலதான் பின்னும்போது ஒண்ணுமே தெரியாம முடிச்சு அடுக்கும்போது பகீர்ங்குது.

சரி, டென்ஷன் எங்க இருக்கு? நெறைய பேர் நூலைப் பிடிக்கற கைல இருக்குன்னு நினைக்கறாங்க. பாதிதான் உண்மை. லூப்போட, அதாவது ஹூக் மேல நிக்கற நூல் வளையத்தோட, அளவை முடிவு பண்ண வேண்டியது ஹூக்கோட தண்டு. ஹூக் மேல 4.0ன்னு போட்டிருக்கறது அந்த நேரான தண்டோட கனம். லூப் அந்தத் தண்டுக்கு மேல முழுசா ஏறி உக்காந்தாதான் அது 4 மில்லிமீட்டர் லூப். ஆனா டைட்டா பின்றவங்க பெரும்பாலும் லூப்பை தண்டு வரைக்கும் கொண்டு போறதே இல்லை, கொக்கிக்குக் கீழ கழுத்து மாதிரி ஒல்லியா இருக்கு பாருங்க, அங்கேயே வச்சு முடிச்சிடறாங்க. அப்ப 4 மில்லிமீட்டர் ஹூக் வாங்கியும் அவங்க பின்றது மூணோ மூணரையோ. கொஞ்ச நேரம் கழிச்சு கை பழகினதும் லூப் தானா தண்டுக்கு ஏறுது, ஸ்கொயர் பெருசாகுது. அந்த அக்காவுக்கு நடந்தது இதேதான்.

கிளாஸ்ல நான் யார் பக்கத்துல உக்காந்தாலும் ரெண்டு விஷயம்தான் முதல்ல பாப்பேன். ஒண்ணு, ஆள்காட்டி விரல்ல நூல் பதிஞ்சு சிவப்பா கோடு இருக்கான்னு. இன்னொண்ணு சத்தம். அக்ரிலிக் நூல் டைட்டா இருந்தா அலுமினிய ஹூக்ல லூப் நகரும்போது கீச்னு ஒரு சின்ன சத்தம் வரும், ஃபேனை ஆஃப் பண்ணிட்டுக் கேட்டா நல்லாவே கேக்கும். கீச்னு கேட்டா லூப் கழுத்துல நிக்குதுன்னு அர்த்தம்.

அதுக்கு அடுத்தது டபுள் குரோஷேல அந்த முதல் இழுப்பு. நூலைச் சுத்தி, கீழ விட்டு, நூலைப் பிடிச்சு மேல இழுக்கறோம்ல, அந்த லூப்தான் ஸ்டிச்சோட உயரத்தையே தீர்மானிக்குது. ஒரு சிலர் இழுத்ததும் ஹூக்கை கீழ்ப்பக்கமா அழுத்துவாங்க, ஸ்டிச் குட்டையா வரும். ஒரு சிலர் ஹூக்கை வானத்தைப் பாத்து தூக்குவாங்க, ஸ்டிச் ஒல்லியா உயரமா வரும். ஏத்தாம இறக்காம நேரா இழுக்கறவங்களும் இருக்காங்க. மூணுமே தப்பில்லை. ஒரே ஸ்கொயர்ல மூணும் கலந்து வர்றதுதான் பிரச்சனை. நீங்க எந்த வகைன்னு தெரிஞ்சுக்க ஒரு அஞ்சு நிமிஷம் போனை ஸ்டாண்ட்ல வச்சு உங்க கையை வீடியோ எடுத்துப் பாருங்க, கண்ணாடி முன்னாடி உக்காந்து பாக்கறதை விட இது எவ்வளவோ மேல், ஏன்னா பின்னும்போது நம்ம கண்ணு ஸ்டிச்சைத்தான் பாக்குமே தவிர மணிக்கட்டைப் பாக்காது.

நூல் பிடிக்கற விதத்தைப் பத்தி ரொம்ப அலட்டிக்க வேண்டாம். சுண்டு விரல்ல ஒரு சுத்து சுத்தி ஆள்காட்டி விரல் மேல கொண்டு வர்றது பரவலா எல்லாரும் பண்றது, அது வழுக்கினா ரெண்டு சுத்து, இழுத்தா சுத்தே வேண்டாம் விரல் நடுவுல நுழைச்சு எடுங்க போதும். நூலைப் பிடிக்கறது நூலை வேகம் குறைக்கத்தான், நிறுத்தறதுக்கு இல்ல. பந்து ஒழுங்கா உருளலைன்னா அதுவும் டென்ஷன்தான், பின்றதுக்கு முன்னாடி ரெண்டு மூணு முழம் நூலை உருவி மடில போட்டுக்கோங்க, தீர்ந்ததும் திரும்ப உருவுங்க, ஸ்டிச் ஸ்டிச்சா பந்தைக் கையால இழுக்கறவங்களுக்கு ஒவ்வொரு நாலாவது அஞ்சாவது ஸ்டிச்சும் டைட்டா வரும். பந்து சோஃபாக்கு அடில ஓடாம இருக்க ஒரு எவர்சில்வர் பாத்திரம் போதும், காசு குடுத்து யார்ன் பவுல் வாங்கணும்னு இல்ல. அப்புறம் நம்ம ஊர் வேர்வை. மே மாசத்துல சென்னைல அக்ரிலிக் நூல் விரல்ல ஒட்டிக்கிட்டு நகராது, கையைக் கழுவி நல்லா துடைச்சுட்டு உக்காருங்க, முடிஞ்சா காலைல பின்னுங்க. கையில க்ரீம் தடவிட்டு உடனே உக்காராதீங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். அளவு சரியா வரலைன்னா நம்ம ஆளுங்க உடனே பண்றது "இனிமே கொஞ்சம் லூஸா பின்றேன்"னு முடிவெடுக்கறது. தயவு செஞ்சு இதைப் பண்ணாதீங்க. நினைப்பு இருக்கற வரைக்கும் லூஸா வரும், சீரியல்ல ஒரு சீன் வந்தா பழைய கைக்குத் திரும்பிடும், ஒரே ஸ்கொயர்ல ரெண்டு டென்ஷன். கை அதுக்கு சௌகரியமான மாதிரியே பின்னட்டும், நீங்க ஹூக்கை மாத்துங்க. சின்னதா வருதா, 4 மில்லிமீட்டரை வச்சுட்டு நாலரை எடுங்க. பெருசா வருதா, மூணரை. பேட்டர்ன்ல போட்டிருக்கற ஹூக் சைஸ் அதை எழுதினவங்க கைக்கு ஏத்த சைஸ், உங்க கைக்கு இல்ல. உங்களுக்கு வேண்டியது அந்த ஸ்கொயரோட அளவு மட்டும்தான்.

அதைக் கண்டுபிடிக்க நாலு ஸ்கொயர் போடுங்க. முதல் ஸ்கொயரை அளக்காதீங்க, அதுல கை இன்னும் பேட்டர்னைத் தேடிக்கிட்டே இருக்கும், மூணாவதையும் நாலாவதையும் அளங்க. துணி டேப் பழசானா நீண்டு போயிருக்கும், ஸ்டீல் ஸ்கேல் வச்சு அளங்க, சமமான டேபிள்ல போட்டு, இழுக்காம, ஓரத்துல மட்டும் இல்லாம நடுவுலயும் அளங்க, ஏன்னா மூலை நீட்டிக்கிட்டு இருந்தா ஓரம் பொய் சொல்லும். ரெண்டும் ஒரே அளவுல வந்தா மேல போங்க. அப்பறமும் சும்மா போயிடாதீங்க, அப்பப்போ அந்த நாலாவது ஸ்கொயரை எடுத்து புதுசு மேல வச்சுப் பாருங்க, அதுதான் உங்க மாடல் பீஸ், அதை கடைசி வரைக்கும் ஜாயின் பண்ணாம வச்சுக்கோங்க.

நான் இன்னொண்ணும் பண்ணுவேன், தராசு. சமையல்கட்டுல மாவு அளக்கற டிஜிட்டல் தராசு போதும். ஒரே ஸ்டிச் எண்ணிக்கைல டைட்டா பின்னினா நூல் கம்மியா போகும், லூஸா பின்னினா அதிகமா போகும். மாடல் பீஸ் 15 கிராம்னா புதுசு 14ல நின்னா டைட்டாகுதுன்னு தெரிஞ்சுடும். ஸ்டிச் விட்டுப் போயிருந்தாலும் இதுலயே மாட்டும். இன்னும் எத்தனை பந்து வாங்கணும்னும் கணக்குப் போட்டுடலாம், ஒரே டை லாட் (ஒரே தடவையா சாயம் போட்ட நூல்) கடைல தீர்றதுக்கு முன்னாடி.

ஹூக் விஷயத்துல ஒண்ணு, பாதி பிளாங்கெட்ல ஹூக்கைத் தொலைச்சுட்டு அதே 4 மில்லிமீட்டர்தானேன்னு வேற கம்பெனி ஹூக் வாங்கிட்டு வர்றாங்க. கழுத்து வடிவம் கம்பெனிக்கு கம்பெனி மாறும், மூங்கில் ஹூக்ல நூல் மெதுவா நகரும், அலுமினியத்துல வழுக்கும், நம்பர் ஒண்ணா இருந்தாலும் ஸ்கொயர் ஒண்ணா வராது. வேற ஹூக் எடுத்தா திரும்ப ரெண்டு ஸ்கொயர் போட்டு அளந்துட்டுதான் ஆரம்பிக்கணும். கலரும் அப்படித்தான், என் அனுபவத்துல கருப்பும் அடர் நீலமும் நெறைய பிராண்ட்ல வெள்ளையை விட கொஞ்சம் முரடா இருக்கும், அந்தக் கலர் ஸ்கொயரை தனியா அளங்க.

ஸ்கொயர் கிண்ணம் மாதிரி குழியுதுன்னா ஓரம் டைட்டு, பெரும்பாலும் மூலைல போடற அந்த ரெண்டு செயினைத்தான் (சங்கிலி மாதிரி வர்ற ஸ்டிச்) இறுக்கிப் போட்டிருப்பீங்க. செயின் மட்டும் டைட்டா வர்றவங்களுக்கு ஸ்டிச் எல்லாம் சரியா இருந்தாலும் மூலை உள்ள வாங்கி ஸ்கொயர் உருண்டையா வரும். மூலைக்கு மூணு செயின் போட்டுப் பாருங்க. ஓரம் அலை அலையா வந்தா ஸ்டிச் அதிகம் இல்லன்னா ரொம்ப லூஸ். ஸ்கொயர் ஒரு பக்கமா சுழண்ட மாதிரி சாஞ்சா அது டென்ஷனே இல்ல, ஒரே பக்கமா சுத்திக்கிட்டே போறதால வர்றது, ரவுண்டுக்கு ஒரு தடவை திருப்பிப் போட்டு பின்னினா நேராயிடும்.

வலி பத்தி சொல்லாம விட முடியாது. டைட்டா பின்றவங்கதான் கட்டைவிரல் அடில வலிக்குது, மணிக்கட்டு பிடிச்சுக்குதுன்னு என்கிட்ட சொல்றாங்க. டைட் லூப்புக்குள்ள ஒவ்வொரு தடவையும் ஹூக்கைக் குத்தி நுழைக்கணும், ஒரு பிளாங்கெட்ல ஆயிரக்கணக்குல அந்தக் குத்து. அரை மணிக்கு ஒரு தடவை கீழ வச்சுட்டு விரலை விரிச்சு மடக்குங்க. ராத்திரி விரல் மரத்துப் போச்சுன்னா பின்றதை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க, பிளாங்கெட் எங்கயும் ஓடிப் போகாது.

பல பேர் சேந்து ஒரு பிளாங்கெட் போடும்போது இன்னும் கவனமா இருக்கணும். 2016 ஜனவரி 31ஆம் தேதி சென்னைல மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழு 11,148.5 சதுர மீட்டர்ல அன்னிக்கு உலகத்துலயே பெரிய குரோஷே பிளாங்கெட்டை விரிச்சு கின்னஸ் சாதனை பண்ணினாங்க. அதுக்கு ஒவ்வொருத்தரும் 40 இன்ச்சுக்கு 40 இன்ச் சதுரமா பின்னிக் குடுத்தாங்க. எத்தனையோ ஊர்ல எத்தனையோ கை, ஆனா அளவு ஒண்ணு, அதனாலதான் சேந்துச்சு. உங்க அப்பார்ட்மென்ட்ல நாலு பேர் சேந்து பண்ணினாலும் "எல்லாரும் 4 மில்லிமீட்டர் ஹூக் எடுங்க"ன்னு சொல்லாதீங்க, "எல்லாரும் 6 இன்ச் குடுங்க, ஹூக் உங்க இஷ்டம்"னு சொல்லுங்க.

ஏற்கனவே பின்னி முடிச்சு குவிச்சு வச்சிருக்கீங்களா, பிரிக்க வேண்டாம். பெருசு, நடுத்தரம், சின்னதுன்னு மூணா பிரிச்சு வைங்க. எல்லாத்துக்கும் ஒரே கலர்ல ஒரு கடைசி ரவுண்டு போடுங்க, பெருசுக்கு குட்டை ஸ்டிச்சான சிங்கிள் குரோஷே, நடுத்தரத்துக்கு அதை விட உயரமான ஹாஃப் டபுள், சின்னதுக்கு இன்னும் உயரமான டபுள், மூணுலயும் ஸ்டிச் எண்ணிக்கை மட்டும் ஒண்ணா இருக்கட்டும். அரை இன்ச் வரைக்கும் வித்தியாசம் இருந்தா பெரும்பாலும் இதுலயே சமமாயிடும், அந்த அக்காவோட முக்கால் இன்ச்சுக்கு இதோட சின்ன ஸ்கொயருக்கு அரை மில்லிமீட்டர் பெரிய ஹூக்கும் எடுத்தேன். அப்பறம் ஃபோம் மேட்ல துருப்பிடிக்காத பின் குத்தி பிளாக் பண்ணுங்க, அதாவது சரியான அளவுல விரிச்சு ஈரத்தாலயோ ஆவியாலயோ படிய வைங்க. காட்டன்னா தண்ணி தெளிச்சு காய விடுங்க. அக்ரிலிக்னா ஸ்டீம் அயர்னை ஒரு இன்ச் மேலயே பிடிச்சு ஆவி மட்டும் காட்டுங்க, அயர்ன் பட்டுச்சுன்னா நூல் உருகி பளபளன்னு தொங்கிடும், அதைத் திருப்ப முடியாது. பிளாக்கிங்கால கால் இன்ச் சரியாகும், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க.

ஜாயின் பண்ணும்போதும் அதே டென்ஷன்தான். ஸ்லிப் ஸ்டிச்ல (ஹூக்காலேயே போடற, உயரமே இல்லாத ஸ்டிச்) சேக்கறவங்க ஸ்கொயர் பின்னினதை விட அரை மில்லிமீட்டர் பெரிய ஹூக் எடுங்க, இல்லன்னா தையல் கோடு சுருங்கி ஸ்கொயர் எல்லாம் நடுவுல உப்பிக்கிட்டு நிக்கும். மூணு ஸ்கொயர் சேந்ததும் தரைல விரிச்சு, கோடு தட்டையா படுத்திருக்கான்னு பாத்துட்டு நாலாவதை எடுங்க.