பாஸ்வேர்ட் சரிதான், 691 ஏன் வருகிறது?

பரணில் இருந்து இறக்கிய விண்டோஸ் 98 பெட்டி. போன் கம்பி வழியே இணையத்தை எட்டும் டயல்-அப் இணைப்பில் 'கனெக்ட்' கொடுத்தால் மோடம் டயல் செய்து, கீச்சிட்டு, இரைந்து, கடைசியில் 'பெயரோ பாஸ்வேர்டோ தவறு' என்று சொல்லும் 691 என்ற பிழை எண்ணைக் காட்டி விழுந்துவிடுகிறது. உடனே எல்லோரும் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிப்பார்கள். அதைவிட மோடத்தின் சத்தத்தைக் கேட்பது மேல்.

டயல் டோன், எண்கள், எதிர்முனை மோடம் எடுத்ததும் 2100 ஹெர்ட்ஸில் ஒரு நீண்ட கீச்சு, அப்புறம் 'ஷ்ஷ்' என்ற இரைச்சல், பிறகு அமைதி. சாதாரண அமைப்பில், இரண்டு மோடங்களும் கைகோத்ததும் ஸ்பீக்கர் தானாக அணைந்துவிடும். அமைதிக்கு முன்னால் நின்றால் கோளாறு கம்பியிலோ மோடத்திலோ டயல் செய்த எண்ணிலோ இருக்கிறது. அமைதிக்குப் பின்னால் நின்றால் பெரும்பாலும் கணக்கிலோ செட்டிங்கிலோ இருக்கிறது.

680 வந்தால் டயல் டோன் இல்லை என்று அர்த்தம். மோடத்தின் முதுகில் 'லைன்', 'ஃபோன்' என்று இரண்டு ஓட்டைகள் இருக்கும். சுவரிலிருந்து வரும் ஒயர் 'லைன்' ஓட்டையில்தான் செருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரிசீவரில் டோன் கேட்டும் 680 வந்தால், மோடத்துக்கு அந்த டோன் புரியவில்லை. பல மோடங்கள் எதிர்பார்க்கும் அமெரிக்க டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் கலவை. நம் ஊர் டோன் 400 ஹெர்ட்ஸை ஒட்டியது. கன்ட்ரோல் பேனல், மோடம்ஸ், ப்ராப்பர்ட்டீஸ், கனெக்‌ஷன் என்று போய், டயல் டோனுக்குக் காத்திருக்கச் சொல்லும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

வேலூர்ப் பக்கம் மோடத்துக்கு நிஜமான எமன் கோடை மழை. பகலெல்லாம் வெயில் கொளுத்தி, சாயங்காலம் இடியோடு கொட்டும்போது மின்னல் போன் கம்பி வழியாக உள்ளே வருகிறது. கரண்ட் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, போன் ஒயரையும் பிடுங்க வேண்டும். ஏமாற்றும் விஷயம் ஒன்று: அடிபட்ட மோடமும் டயக்னாஸ்டிக்ஸ் சோதனையில் 'ஓகே' என்று பதில் சொல்லலாம். பதில் சொல்வது கட்டுப்பாட்டுச் சில்லு. கருகியது லைனைத் தொடும் பகுதி.

678 என்றால் எதிர்முனையில் மோடம் எடுக்கவில்லை. டயலிங் ப்ராப்பர்ட்டீஸில் நாடு அமெரிக்கா என்றே விட்டிருந்தால், உள்ளூர் எண்ணுக்கு முன்னால், அமெரிக்காவிலிருந்து இந்தியாவைக் கூப்பிடுவது போல, 011 91 சேர்த்து டயல் செய்யும். நாட்டை இந்தியா என்றும் ஏரியா கோடை 416 (வேலூருக்கு; முன்னால் 0 வேண்டாம்) என்றும் மாற்றுங்கள். அல்லது ஏரியா கோடைப் பயன்படுத்தும் டிக்கையே எடுத்துவிடுங்கள்; அதுதான் சுலபம்.

அமைதிக்குப் பிறகு நடப்பது பி.பி.பி. என்ற பேச்சுவார்த்தை. முதலில் இரு கணினிகளும் எப்படிப் பேசுவது என்று ஒத்துக்கொள்ளும், அடுத்து அடையாளச் சோதனை, கடைசியில் உங்களுக்கு ஒரு ஐ.பி. முகவரி. சோதனைக்கு இரண்டு வழிகள்: பாப் முறையில் பாஸ்வேர்ட் அப்படியே போகும்; சாப் முறையில் பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட விடை மட்டும் போகும். சர்வருக்குப் பாப் மட்டுமே தெரிந்து, 'சர்வர் டைப்ஸ்' பக்கத்தில் 'ரிக்வயர் என்க்ரிப்டட் பாஸ்வேர்ட்' டிக் ஆகியிருந்தால், சரியான பாஸ்வேர்ட் இங்கிருந்து கிளம்புவதே இல்லை! அந்த டிக்கை எடுங்கள். 'லாக் ஆன் டு நெட்வொர்க்' டிக்கையும் எடுங்கள், வீட்டில் அதற்கு வேலையில்லை. புரோட்டோகாலில் இணையத்தின் பொது மொழியான டி.சி.பி./ஐ.பி. மட்டும் இருக்கட்டும். 720 வந்தால் அதுவே காணாமல் போயிருக்கலாம். டயல்-அப் அடாப்டரோடு மறுபடி சேர்க்க வேண்டும்.

இதெல்லாம் செய்தும் 691 வந்தால் மோடத்தின் கான்ஃபிகர் பக்கத்தில், ஆப்ஷன்ஸ் தாவலில், டயல் செய்தபின் டெர்மினல் ஜன்னலைத் திறக்கும் டிக்கைப் போடுங்கள். பல சர்வர்கள் அதில் 'லாகின்:' என்று எழுத்திலேயே கேட்கும். பெயரையும் பாஸ்வேர்டையும் அங்கேயே அடித்துப் பாருங்கள். ~ } குறிகள் கலந்த கிறுக்கல் ஓடினால் பாஸ்வேர்ட் சரி, சர்வர் பி.பி.பி. பேச ஆரம்பித்துவிட்டது என்று பொருள். கிறுக்கலுக்குப் பதில் மெனு வந்தால் அது ஷெல் கணக்கு. 1995 ஆகஸ்ட் 15-இல் அன்றைய அரசு நிறுவனம் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது மலிவாகக் கிடைத்தது அந்த வகைதான். எழுத்து மட்டும் ஓடும், பிரவுசரில் படம் வராது. நேரடியாகவே மறுத்தால் கேப்ஸ் லாக்கைப் பாருங்கள். வாங்கிய மணிநேரம் தீர்ந்திருந்தாலும் இதே மறுப்புதான்.

'சேவ் பாஸ்வேர்ட்' மங்கலாக இருக்கிறதா? விண்டோஸ் தொடங்கும்போது வரும் பெயர்ப் பெட்டியை எஸ்கேப் அடித்துத் தாண்டியிருப்பீர்கள். அதில் ஓகே கொடுத்து உள்ளே வந்தால்தான் பாஸ்வேர்ட் .பிடபிள்யூஎல் கோப்பில் சேமிக்கப்படும். கோப்பு கெட்டிருந்தால் பெயரை மாற்றி வையுங்கள், விண்டோஸ் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

691-க்கு இன்னொரு காரணம், கரண்ட் கட். ஆன்லைனில் இருக்கும்போது கணினி படக்கென்று அணைந்தால், 'இவர் போய்விட்டார்' என்ற செய்தி கணக்குப் பார்க்கும் ரேடியஸ் சர்வருக்குப் போய்ச் சேராமல் போகலாம். அந்தச் செய்தி, போய்ச் சேர்ந்ததா என்று உறுதிசெய்யாத யு.டி.பி. முறையில் போகிறது, வழியில் தொலைய இடமுண்டு. ஒரு பெயருக்கு ஓர் இணைப்புத்தான் என்று விதி இருந்தால், நீங்கள் இன்னும் உள்ளே இருப்பதாக நினைத்து உங்களையே வெளியே நிறுத்தும். பதினைந்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். இன்று ஃபைபரில் பி.பி.பி.ஓ.இ. (ஈதர்நெட் வழியே அதே பி.பி.பி.) வைத்திருக்கும் வீடுகளிலும் இதே பேய்க் கணக்கு வரும். ரவுட்டரை அணைத்தால் உடனே போடாமல் சில நிமிடம் விட்டுப் போடுங்கள்.