வேறொருவரின் செட்டப் ஷீட், நம்முடைய செம்மண்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோவைக்கு வெளியே நாங்கள் ஓட்டும் மண் டிராக்கில், ஒரு தம்பி தன் பக்கியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. வருடம் முழுக்கக் காசு சேர்த்து வாங்கிய 1/10 அளவு ரிமோட் பந்தய வண்டி, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் ரகம்.

"எந்த வளைவுலயும் நிக்க மாட்டேங்குதுங்ணா. திராட்டில் தொட்டாலே வால் முன்னாடி வந்துருது."

அவர் கையில் பிரிண்ட் எடுத்த தாள் ஒன்று இருந்தது. ஐரோப்பாவில் ஜெயித்த ஒரு வண்டியின் செட்டப் ஷீட், அதாவது அதன் உயரம், ஸ்பிரிங், ஆயில் எல்லாம் எப்படி வைத்திருந்தார்கள் என்ற குறிப்பு. அதில் உள்ளதை இம்மி பிசகாமல் அப்படியே வண்டியில் வைத்திருந்தார். தரையிலிருந்து 17 மில்லிமீட்டர் உயரம், கெட்டி ஸ்பிரிங், 40 வெயிட் (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) ஷாக் ஆயில், தடித்த ஆன்டி-ரோல் பார் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி). தாளின் மேல் மூலையில், தரை வகை என்ற இடத்தில், கார்ப்பெட் என்று டிக் அடித்திருந்தது. அதைப் பார்த்தாரா என்று கேட்டேன். பார்க்கவில்லை.

இரண்டு மாதமாக ஷாக் ஆயிலை மாற்றியிருக்கிறார், டிஃப்பை (வளைவில் இரு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் பெட்டி) பிரித்திருக்கிறார், பின் விங்கை உயர்த்தியிருக்கிறார், கடைசியில் மோட்டாரையே மாற்றியிருக்கிறார். அந்தச் செலவை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. இவர் ஒருவர் மட்டுமல்ல. பதினோரு வருடமாக இந்த வண்டிகளைப் பிரித்துப் பூட்டுகிறேன். "வண்டி சரியில்லை" என்று வருவதில் பெரும்பகுதி வண்டிக் கோளாறே இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு டாக்டர் எழுதிய சீட்டை வைத்து நாம் மருந்து வாங்கிச் சாப்பிட்ட கதைதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செட்டப் ஷீட் பொய் சொல்வதில்லை. அது பிறந்த தரை வேறு. ஐரோப்பாவில் இன்று பல பந்தயங்கள் கார்ப்பெட்டிலும் செயற்கைப் புல்லிலும் நடக்கின்றன. அமெரிக்காவில் கூரைக்கு அடியில் களிமண்ணை இறுக்கி, சில இடங்களில் சர்க்கரைத் தண்ணீர் தெளித்துப் பிசுபிசுப்பு ஏற்றுகிறார்கள். அங்கெல்லாம் டயர் தரையைக் கவ்விப் பிடிக்கும். வண்டி உயரமாகவும் மெத்தென்றும் இருந்தால் வளைவில் கவிழ்ந்துவிடும். அதனால் தாழ்த்தி, இறுக்கி ஓட்டுகிறார்கள். 1984-இல் வந்த ஆர்.சி.10 என்ற ரிமோட் பந்தய வண்டியில் மோட்டார் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும். உதிரி மண்ணில் பின்சக்கரத்தை அழுத்த அந்த எடை வேண்டியிருந்தது. அடுத்த வருடம் கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்த உலகப் போட்டியில், இருசக்கர இழுவைப் பிரிவில் ஜே ஹால்சி அந்த வண்டியில்தான் ஜெயித்தார். பின்னாளில் பிடிப்பு மிகுந்த தரைகள் பெருகப் பெருக, மோட்டார் பின் அச்சுக்கு முன்னால், நடுவுக்கு நகர்ந்தது. தரை மாறியபோது வண்டியின் எலும்புக்கூடே மாறியிருக்கிறது என்றால், ஷாக் ஆயில் எம்மாத்திரம்?

நம் தரைக்கு வருவோம். காலை எட்டு மணிக்குத் தண்ணீர் தெளித்த செம்மண்ணை விரலால் தேய்த்துப் பாருங்கள். ஈரம் விரலில் ஒட்டும், தூசி எழாது. அதே இடத்தில் பதினொன்றரைக்குக் குதிகாலை வைத்து ஒரு திருகு திருகுங்கள். மேலே மஞ்சள் பொடி போலப் புழுதி விலகும், அடியில் சிமெண்டுத் தரை போல ஒரு இறுகல் தெரியும். மதியம் மூன்றுக்கு வண்டிகள் ஓடிய கோட்டில் மட்டும் புழுதி அடித்துப்போய், ரப்பர் படிந்து, கருத்துப் பளபளக்கும். ஒரே நாளில், ஒரே டிராக்கில் மூன்று தரை! கரிசல் மண்ணாக இருந்தால் இன்னொரு தொல்லை. காய்ந்தால் வெடிப்பு, நனைந்தால் டயர் முழுக்க அப்பிக்கொள்ளும்.

இந்த மூன்றுக்கும் முதல் பதில் டயர்தான். டயரைச் சரிபார்க்காமல் ஷாக்கில் கை வைக்காதீர்கள் என்று என்னிடம் வருகிற எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்வேன். ஈர மண்ணுக்கு உயரமான, இடைவெளி விட்ட பின்கள் (டயர் மேல் நீட்டி நிற்கும் ரப்பர் முட்கள்) வேண்டும். அவை மண்ணைக் குத்தி இழுக்கும், சுழலும்போது சேற்றை உதறிவிடும். புழுதி மூடிய இறுகிய தரைக்குச் சற்றுக் குட்டையான, நெருக்கமான பின்கள், ரப்பர் மென்மையாக. புழுதியைப் பிளந்து அடியிலுள்ள கெட்டித் தரையை அவை தொட வேண்டும். கருத்துப் பளபளக்கும் கோடு விழுந்துவிட்டால் பாதி தேய்ந்த பழைய டயர் புது டயரைவிட நன்றாக ஓடும். தேய்ந்ததைத் தூக்கி எறியாதீர்கள். டயருக்குள் இருக்கும் ஃபோமையும் அமுக்கிப் பாருங்கள். வழுக்குகிற தரைக்கு மென்மை, கவ்வுகிற தரைக்குக் கெட்டி.

அந்தத் தம்பியின் வண்டியில் இருந்தது கார்ப்பெட்டுக்கான மிகச் சிறிய முள் டயர். இரண்டு சுற்று ஓட்டிவிட்டுத் திருப்பிப் பார்த்தோம். முள்ளுக்கு நடுவே செம்பொடி இறுகி, டயர் முழுக்க வழவழவென்று சப்பாத்திக் கட்டை போல ஆகியிருந்தது. என் பெட்டியிலிருந்து நான்கு மண் டயரை மாட்டினோம். வேறு எதையும் தொடவில்லை. முதல் வளைவில் வால் லேசாக அலைந்தது, ஆனால் சுற்றவில்லை. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் இரண்டு மாதச் செலவும் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் உயரம். ஓடுவதற்குத் தயாராக, பேட்டரியோடு வண்டியை மேசையில் ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டு, அது தானாக அமர்ந்த பின் அளக்க வேண்டும். 17-லிருந்து 22 மில்லிமீட்டருக்கு ஏற்றினோம். குழியில் வயிறு தட்டுவது நின்றது. அடுத்து, பின் ஆன்டி-ரோல் பாரைக் கழற்றினோம். பொதுவாக, எந்தப் பக்கம் மெத்தென்று இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்குப் பிடிப்பு கூடும். வால் வழுக்கினால் பின்பக்கத்தை இளக்குங்கள், அல்லது முன்பக்கத்தைச் சற்று இறுக்குங்கள். வண்டி திரும்பாமல் நேராகவே போனால் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றியதும் குறைந்தது ஐந்து சுற்று. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. இரண்டை ஒன்றாக மாற்றி வண்டி நன்றாக ஓடினால், எது உதவியது என்று தெரியாது. ஒன்று உதவி இன்னொன்று கெடுத்திருந்தால் அதுவும் தெரியாது.

ஷாக் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகக் காசு கரைவது அங்கேதான். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, இரண்டு பின் ஷாக்குகளையும் இரு கையில் பிடித்து, ஒரே நேரத்தில் அமுக்கி விடுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் வெளியே வர வேண்டும். உள்ளே "சளக் சளக்" என்று சத்தம் கேட்டால் காற்று புகுந்திருக்கிறது, ஆயில் குறைந்திருக்கிறது. அந்த நிலையில் எந்த எண் ஆயில் என்று பேசுவதில் அர்த்தமே இல்லை. தம்பியின் வண்டியில் இடது ஷாக் அப்படித்தான் இருந்தது.

ஆயில் வாங்கும்போது வெயிட் எண்ணை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 35-ம் இன்னொன்றின் 35-ம் ஒன்றல்ல. பாட்டிலில் சி.எஸ்.டி. (பாகுத்தன்மையை அளக்கும் அலகு) என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள், 350 சி.எஸ்.டி. என்பது சுமார் 30 வெயிட். குண்டும் குழியுமான தரைக்கு இளகிய ஆயில். பெரிய ஜம்ப்பில் வயிறு அடித்தால் கெட்டி ஆயில், அல்லது சிறிய ஓட்டை உள்ள பிஸ்டன். சிலிக்கான் ஆயில் சூட்டில் இளகும் என்பதையும் மறக்க வேண்டாம். மார்கழிக் காலையில் சரியாக இருந்த ஷாக் சித்திரை மதியத்தில் தொளதொளக்கும். கோடையில் ஒரு படி கெட்டியாகப் போடுகிறேன்.

டிஃப் ஆயிலைக் கடைசியில் தொட்டால் போதும். நான்கு சக்கரமும் இழுக்கும் 1/8 அளவு வண்டிக்காரர்கள் மட்டும் நடு டிஃப்பை, அதாவது முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிஃப்பைக் கவனியுங்கள். கெட்டியாக இருந்தால் முடுக்கும்போது வண்டி பாய்ந்து பின்சக்கரம் வழுக்கும். இளகினால் மோட்டாரின் இழுவை கொஞ்சம் முன்பக்கம் கசிந்து, புழுதியில் வண்டி அடங்கிப் போகும். 10,000 சி.எஸ்.டி. போட்டுவிட்டு வழுக்குகிறது என்பவர்களுக்கு 5,000 போட்டுக் கொடுத்து அனுப்புகிறேன்.

மோட்டார் சூடும் தரையோடு சேர்ந்ததுதான். புழுதியில் சக்கரம் வழுக்குவதால் மோட்டாருக்குப் பாரம் குறைவு. அதே கியரில், தண்ணீர் தெளித்துப் பிடிப்பு ஏறிய தரையில் ஓட்டினால் மோட்டார் வியர்த்துவிடும். ஓட்டி முடித்ததும் வெப்பமானியைக் காட்டுங்கள். 80 டிகிரி செல்சியஸைத் தொடுகிறது என்றால் பினியனில் (மோட்டார் அச்சில் உள்ள சிறிய பல்சக்கரம்) ஒரு பல் குறையுங்கள். லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைப் பூட்டிய காருக்குள் வெயிலில் விட்டுவிட்டு டிராக்கைப் பார்க்கப் போகாதீர்கள், தயவுசெய்து. அது தீப்பிடித்தால் பக்கத்தில் நிற்கவே முடியாது.

மாலை ஐந்து மணிக்கு அந்தத் தம்பி மறுபடி மேசைக்கு வந்தார். இந்த முறை கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் நேரம், தரை, டயர், உயரம் என்று நான்கு கட்டம் போட்டிருந்தார். தரை என்ற கட்டத்தில், "3 மணி, புழுதி விலகிருச்சு, கருப்புக் கோடு, விரல்ல ஒட்டல" என்று எழுதியிருந்தார்.

"அடுத்து கேம்பர் மாத்தலாமாங்ணா?"

"பின் டயரைக் காட்டுங்க தம்பி."

திருப்பிக் காட்டினார். தேய்மானம் உள் ஓரத்திலும் வெளி ஓரத்திலும் ஒரே சீராக இருந்தது. கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணத்தை, அப்படியே விட்டோம்.